கரையிலிருந்து தொட்டிக்கு: உள்ளூர்க் கடலுயிர்களை வீட்டில் வளர்ப்பது பற்றிய வாதங்கள்

கடல் வற்றும் வேளையில் கரையோரப் பள்ளங்களில் ஒதுங்கிக் கிடக்கும் நண்டையும் சிறுமீனையும் கடல்சாமந்தியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தொட்டியில் உவர்நீர் நிரப்பி வளர்க்கலாமா என்ற கேள்வி ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவ்வாறு கொண்டுவரப்பட்ட உயிர் தொட்டியில் பிழைக்குமா என்பது ஒன்று. பிழைக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், அதைக் கடலிலிருந்து எடுப்பது தகுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வேதியியலும் நுண்ணுயிரியலும் விடை தேடின. இரண்டாவதற்குச் சட்டமும் சூழலியலும், அண்மைக் காலத்தில் மீனவர் வாழ்வாதாரம் பற்றிய சிந்தனையும் விடை தேடி வருகின்றன. ஒரு கரையைப் பார்த்துச் சொல்லப்பட்ட விடையை வேறொரு கரைக்கு அப்படியே கொண்டுபோய்ப் பொருத்துவதே இவ்விவாதத்தில் நேரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது. அதற்குச் சிங்கப்பூர், குறிப்பாக டோபி காட் சுற்றுவட்டாரம், பொருத்தமான களமாக அமைகிறது.

குன்றடியில் ஒரு கடல்

டோபி காட் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது, பிராஸ் பாசா ஓடையின் நன்னீரில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களே. ஆயினும் சிங்கப்பூரில் கடலுயிர்களைப் பார்வைக்கு வைத்த வரலாற்றின் இரு முக்கியக் கண்ணிகள் இவ்வட்டாரத்திலிருந்து நடை தொலைவிலேயே உள்ளன. ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் 1887இல் எழுந்த கட்டடத்தில் இயங்கும் தேசிய அரும்பொருளகத்தில், வில்லியம் ஃபார்குவார் மலாக்காவில் பொறுப்பிலிருந்த காலத்தில் சீன ஓவியர்களைக் கொண்டு தீட்டுவித்த 477 இயற்கை வரலாற்று ஓவியங்கள் பாதுகாக்கப்படுகின்றன. தாவரங்களோடும் பறவைகளோடும் மலாய்க் கடற்பகுதி மீன்களும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. உயிரோடு வைத்துக் காட்ட வழியில்லாத காலத்தில், உள்ளூர்க் கடலைக் கரைக்குக் கொண்டுவர ஓவியமே கருவியாக இருந்தது.

இரண்டாவது கண்ணி ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்தில், ரிவர் வேலி சாலையை ஒட்டி இருந்த வான் கிளீஃப் மீன் காட்சியகம். கார்ல் வில்லெம் பெஞ்சமின் வான் கிளீஃப் என்ற டச்சுக்காரர் நகராட்சிக்கு விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு கட்டப்பட்ட அது 1955 செப்டம்பரில் திறக்கப்பட்டது. உயில் நிதியைக் கொண்டு மீன் காட்சியகம் கட்டுவது என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே உருவாகியிருந்தும், போர் அதைத் தள்ளிப்போட்டது. செந்தோசாவில் கடலடி உலகம் என்ற புதிய காட்சியகம் 1991இல் திறக்கப்பட்டதும் வான் கிளீஃப் மூடப்பட்டது. அதன் கட்டடமும் 1998இல் இடிக்கப்பட்டது. செந்தோசாக் காட்சியகம் 2016இல் மூடப்பட, அத்தீவிலேயே 2012இல் திறக்கப்பட்டிருந்த மற்றொன்று விரிவாக்கப்பட்டு 2025இல் சிங்கப்பூர் ஓஷனேரியமாக மறுபிறப்பு எடுத்தது.

தமிழ் வாசகர்களுக்கு இவ்வரிசையில் இன்னும் மூத்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மெரினாக் கரையில், மாநிலக் கல்லூரிக்கு எதிரே, 1909இல் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சியகம் ஆசியாவின் மிகப் பழைய காட்சியகங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், குண்டுவீச்சு அச்சத்தால் அது மூடப்பட்டது. மெரினாக் காட்சியகத்துக்குக் கடல் எதிரிலேயே இருந்தது. வான் கிளீஃபோ கடலை விட்டு விலகிய குன்றடியில் இருந்தது. கடல்நீரைத் தொடர்ந்து உள்ளிழுத்து வெளியேற்றும் திறந்த முறைக்கும், ஒருமுறை கொண்டுவந்த நீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மூடிய முறைக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு இடங்களின் அமைவிலேயே தெரிகிறது. அடுக்குமாடி வீட்டில் தொட்டி வைப்பவர் எவரும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவரே. ஆதலால் அவர் முன் நிற்கும் முதல் சிக்கல் மீனைப் பிடிப்பதன்று, நீரைக் கெடாமல் வைத்திருப்பது.

சமநிலைக் கோட்பாடும் அதன் விலையும்

இச்சிக்கலுக்கு முதல் விடைகள் ஐரோப்பாவில் தோன்றின. ஆனா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1846இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலிருந்து கற்பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். நாள்தோறும் திறந்த சன்னலருகே நின்று, கடல்நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு அரை மணி நேரத்துக்கும் மேலாக ஊற்றி ஆற்றும் வேலை அவர் வீட்டுப் பணிப்பெண்ணின் தலையில் விழுந்தது. நீரில் காற்று கலக்க வேண்டும் என்ற உண்மை அந்த உழைப்பின் வழியேதான் நடைமுறைக்கு வந்தது என்பதைப் பின்னாளைய நூல்கள் போதிய அளவு நினைவுகூர்வதில்லை. பின்னர் அவர் கடற்பாசியைக் கலத்தில் சேர்த்தபோது, ஊற்றி ஆற்றும் தேவை குறைந்தது.

ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850ஆம் ஆண்டு வாக்கில் நன்னீர்த் தொட்டியில் இதையே முறைப்படி ஆராய்ந்து, தாவரம் வெளியிடும் ஆக்சிஜனை விலங்கு சுவாசிக்கவும், விலங்கின் கழிவைத் தாவரம் உட்கொள்ளவும், அழுகும் இலையை நத்தை தின்னவும் கூடிய ஓர் ஏற்பாட்டை விளக்கினார். சமநிலைத் தொட்டி என்று இது பெயர் பெற்றது. ஃபிலிப் ஹென்றி காஸ் அதைக் கடல்நீருக்கு விரிவுபடுத்தி, 1854இல் வெளியிட்ட நூலின் வழியாக நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தார். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையின் மீனகம் அதற்கு முந்தைய ஆண்டே திறக்கப்பட்டிருந்தது.

இக்கோட்பாட்டின் குறை இரு திசைகளில் வெளிப்பட்டது. முதலாவது அறிவியல் சார்ந்தது. தாவரமும் விலங்கும் மட்டுமே தராசின் இரு தட்டுகள் என்று கருதியவர்கள், உண்மையில் தராசைத் தாங்கிநிற்கும் பாக்டீரியாக்களை அறிந்திருக்கவில்லை. விலங்கு வெளியேற்றும் அம்மோனியா மீனின் செவுளை அரிக்கக்கூடிய நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டு வாக்கில் வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டிய பிறகே இதன் அடிப்படை தெளிவாயிற்று. புதிய தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. கரையில் பிடித்த உயிர்களை அன்றே புதுத் தொட்டியில் விடுபவர் ஒரு வாரத்துக்குள் அவற்றை இழப்பதற்கு மிகப் பொதுவான காரணம் இந்த இடைவெளியே. வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சு வடிவம் மிகுகிறது; கடல்நீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது; வெப்பமண்டலத் தொட்டியில் நீரும் பெரும்பாலும் 27 டிகிரிக்குக் குறைவதில்லை. ஆகவே ஆங்கிலக் கடற்கரையின் குளிர்ந்த நீரில் ஓரளவு மன்னிக்கப்பட்ட தவறு சிங்கப்பூரிலோ தூத்துக்குடியிலோ மன்னிக்கப்படுவதில்லை.

இரண்டாவது குறை கரையில் தெரிந்தது. காஸ் எழுதிய நூல்களைக் கையிலேந்திக் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக யாரும் கைவைக்காத பாறைப் பள்ளங்களைச் சில ஆண்டுகளில் வெறுமையாக்கினர். தந்தையின் எழுத்தே அவர் நேசித்த கரைக்குக் கேடாக முடிந்ததை மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட தன் வாழ்க்கை நூலில் வருத்தத்தோடு பதிவு செய்தார். தனி ஒருவர் எடுப்பது சிறிதே ஆயினும் பலர் எடுக்கும்போது கரை தாங்காது என்ற வாதத்தின் முதல் தெளிவான வரலாற்றுச் சான்றாக இதைக் கொள்ளலாம்.

லீ சின் எங்கின் வழி

சமநிலைக் கோட்பாடு மங்கிய பிறகு இயந்திர வழி மேலோங்கியது. வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் 1871இல் லண்டன் படிகமாளிகையில் அமைத்த காட்சியகத்தில், பார்வையாளர் காணும் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை இருளில் வைத்து, நீரை ஓயாது சுழற்றினார். பொதுக் காட்சியகங்களுக்கு இது இன்றும் அடிப்படை, வீட்டுக்கு எட்டாதது. 1960களில் செயற்கைக் கடலுப்பு கடைக்கு வந்தபின் கடலிலிருந்து வெகுதொலைவில் வாழ்வோரும் தொட்டி அமைக்க முடிந்தது.

இந்நிலையில் தென்கிழக்காசியாவிலிருந்தே ஒரு மாற்றுக் குரல் எழுந்தது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் தம் முறையை விளக்கினார். அருகிலுள்ள கடலின் நீர், அக்கடலிலிருந்தே எடுத்த பாறைத்துண்டுகள், சூரிய ஒளி, மெல்லிய காற்றுக் குமிழ்கள் ஆகியவையே அவருடைய கருவிகள். வடிகட்டிப் பெட்டி ஏதும் இல்லை. உயிர்ப்பாறை என்று இன்று அழைக்கப்படும் அத்துண்டுகள் உண்மையில் இறந்த பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூடுகள். அவற்றின் மேற்பரப்பில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களும், ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக மாற்றி வெளியேற்றும் பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. கடல் தன் சுத்திகரிப்பு ஏற்பாட்டைத் தானே சுமந்துகொண்டு தொட்டிக்குள் வந்தது என்பதே அவர் கண்டதன் சாரம். அவர் எழுதியபோது மேலைநாட்டவர் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் உயிர்ப்பாறையோடு வலுவான விளக்கையும், நீரில் கரைந்த கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவியையும் சேர்த்து பெர்லின் முறை என்று பரப்பியபோது, அது அவ்வூரின் பெயரிலேயே நிலைத்தது. ஜகார்த்தாக்காரருக்குச் சேரவேண்டிய பெருமை இன்னும் முழுமையாகச் சேரவில்லை என்று சொல்வது மிகையாகாது.

உள்ளூர் உயிர்களைக் கொண்டு தொட்டி அமைக்க விரும்புவோரின் வாதத்துக்கு லீயின் அனுபவமே வலுவான அடித்தளம். உள்ளூர் உயிருக்கு உள்ளூர் வெப்பமும் உப்பளவும் பழக்கமானவை. சிங்கப்பூர் நீரின் உப்பளவு பொதுவாக ஆயிரத்துக்கு 30 பங்கை ஒட்டியது; வெப்பம் ஆண்டு முழுதும் 27 முதல் 31 டிகிரிக்குள் அமைகிறது. கலங்கல் மிகுந்ததால் பவளங்கள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வளர்கின்றன. மங்கலான ஒளியிலும் படியும் வண்டலிலும் பிழைக்கப் பழகியவை அவை. 2010இல் பவளங்கள் பெருமளவில் வெளுத்தபோது, வேறிடங்களில் எளிதில் மடியும் சில இனங்கள் சிங்கப்பூரில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வெளுத்தன என்று ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். குளிரூட்டியும் விலையுயர்ந்த விளக்கும் இன்றியே இவ்வுயிர்களை வளர்க்கலாம் என்ற வாதம் இதிலிருந்து எழுகிறது. அதில் உண்மை உண்டு.

ஆனால் பழக்கத்துக்கும் எல்லை உண்டு. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் பெய்த பெருமழையில் ஜொகூர் ஆறு கரைபுரண்டு, புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரைமேட்டில் நன்னீர் பரவியபோது, கம்பளச் சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் நட்சத்திர மீன்களும் பெருமளவில் மாண்டன. அலையையும் வெயிலையும் நாள்தோறும் தாங்கிய அதே உயிர்கள் சில நாள் உப்புக் குறைவைத் தாங்கவில்லை. ஆவியாதலால் நாள்தோறும் உப்பளவு மாறும் சிறிய தொட்டியில் இப்படிப்பட்ட அதிர்ச்சி நேர ஒரு வாரக் கவனக்குறைவே போதும். தவிரவும், லீ எடுத்த பாறைகள் பரந்த ஜாவாக் கடலிலிருந்து வந்தவை. பவளத்திட்டுகளில் பெரும்பகுதியை நில மீட்புக்கும் துறைமுகத்துக்கும் இழந்துவிட்ட தீவில் அம்முறையை அப்படியே பின்பற்றுவது வேறு பொருள் பெறுகிறது.

எந்த உயிர்

முறை பற்றிய விவாதங்களில் அமிழ்ந்துபோகும் ஒரு செய்தி இங்கே தனித்து நோக்கத்தக்கது. தொட்டியில் பிழைப்பது இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. நீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் உணவு கிடைக்காவிட்டால் உயிர் மடியும்.

சிங்கப்பூர்க் கரைகளில் காணப்படும் செம்புப் பட்டை வண்ணத்துப்பூச்சி மீனை எடுத்துக்கொள்ளலாம். நீண்ட குறட்டைப் போன்ற வாயால் பாறை இடுக்கிலுள்ள புழுக்களையும் குழாயுயிர்களையும் கொத்தித் தின்னும் இம்மீன், தொட்டியில் மிதக்கும் உணவை உணவென்றே அறியாமல் பலமுறை பட்டினியால் இறக்கிறது. ஓடற்ற வண்ணக் கடல்நத்தைகள் பலவும் ஒரே இனக் கடற்பஞ்சை மட்டும் தின்பவை. அப்பஞ்சு இல்லாத தொட்டியில் அவற்றுக்குக் கிடைப்பது சில வார வாழ்வு மட்டுமே. நீரோட்டத்தில் மிதந்துவரும் நுண்ணுயிர்களை வடித்துண்ணும் இறகு நட்சத்திரங்கள் மெல்ல மெல்லத் தேய்ந்து, கைகளை உதிர்த்து மடிகின்றன. வெளியே அழகாகத் தோன்றுவதால் வளர்ப்பவர் தாமதமாகவே உணர்கிறார்.

கடலட்டை இதில் தனி இடம் பெறுகிறது. அமைதியாக மணலை விழுங்கிச் சுத்தம் செய்யும் இதைத் தொட்டிக்கு உகந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அச்சுறுத்தப்படும்போது அது தன் உள்ளுறுப்புகளையே வெளியே கக்கிவிடும். கடலில் எதிரியைத் திசைதிருப்பிப் பின்னர் அவற்றை மீண்டும் வளர்த்துக்கொள்ள இது உதவும். சில இனங்கள் அப்போதோ இறக்கும்போதோ வெளியிடும் நச்சுப் பொருள் கடலில் உடனே கரைந்து நீர்த்துப்போகிறது. மூடிய தொட்டியில் அது போக்கிடமின்றித் தங்கி, உடனுள்ள மீன்கள் அனைத்தையும் சில மணி நேரத்தில் கொல்லக்கூடும். பம்பின் உறிஞ்சுவாயில் சிக்கிய கடல்சாமந்தி ஒன்று தொட்டி முழுவதையும் கெடுப்பதும் இவ்வகையே. கடலில் உயிர் காக்கும் உத்தி, நீரின் அளவு சுருங்கியதும் உயிர் போக்குவதாக மாறிவிடுகிறது.

மறுபுறம், துறவி நண்டுகள், சில உளுவை இனங்கள், பாசி மேயும் நத்தைகள் போன்ற கரைமேட்டு உயிர்கள் உணவில் பேதம் பாராதவை. வெப்ப, உப்பு மாற்றங்களுக்கு ஓரளவு பழகியவை. உள்ளூர்த் தொட்டியை ஆதரிப்போர் எடுத்துக்காட்டும் வெற்றிகள் பெரும்பாலும் இவற்றைச் சார்ந்தவை. எதிர்ப்போர் எடுத்துக்காட்டும் தோல்விகள் முன்சொன்னவற்றைச் சார்ந்தவை. இரு தரப்பும் தத்தம் பட்டியலைக் காட்டி ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக எண்ணுவதே விவாதம் முன்னேறாததற்கு ஒரு காரணமாகலாம்.

உள்ளூரா, இறக்குமதியா

அலங்கார மீன் ஏற்றுமதியில் சிங்கப்பூர் நெடுங்காலமாக உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. நன்னீர் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களிலோ மிகப் பெரும்பாலானவை இன்னும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ஆய்வு மையம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல் அலங்கார மீன்கள் உலக வாணிகத்தில் கைமாறுவதாக மதிப்பிட்டது. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு பயன்பாடு, மீனை மயக்கிப் பிடிக்கும் அதே வேளையில் பவளத்தையும் கொன்றது. தப்பிய மீனும் ஈரல் கெட்டு, வாங்கியவர் வீட்டில் சில வாரங்களில் இறந்தது.

இந்தப் பின்னணியில், தன் கரையில் தானே கைவலையால் பிடித்த ஒரு மீன், ஆயிரம் கல் தொலைவிலிருந்து பல கைகள் மாறி, வழியில் எத்தனையோ இறந்தபின் எஞ்சி வந்த மீனைவிடக் குறைந்த சேதத்துடன் வருகிறது என்ற வாதம் வலுவானது. வேற்றிடத்து உயிர் தப்பிக் கடலில் கலக்கும் ஆபத்தும் இதில் இல்லை. இந்திய-பசிபிக் கடலின் சிங்கமீன் அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் கரீபியனிலும் பரவியதற்குத் தொட்டிகளிலிருந்து விடுவிக்கப்பட்ட மீன்களே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. நடுநிலக் கடலில் 1984இல் முதன்முதலாகக் காணப்பட்ட அயல் பாசியொன்று மொனாக்கோக் காட்சியகத்துக்கு அருகில்தான் தோன்றியது.

ஆயினும் இவ்வாதம் ஒரு மீனுக்கு நேரும் கேட்டை அளக்கிறதே தவிர, கரைக்கு நேரும் கேட்டை அளக்கவில்லை. கோமாளி மீன்களை நோக்கினால் இது புரியும். ஒரு சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்தது இனம்பெருக்கும் ஆண். பெண்ணை எடுத்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறி, அடுத்த மீன் ஆணின் இடத்துக்கு உயர்கிறது. இவ்வாறு கூட்டம் தன்னைச் சீரமைத்துக்கொள்ள முயலும். சாமந்தியோ மெதுவாக வளர்வது, பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. அதை எடுத்தால் ஈடு எளிதில் கிடைப்பதில்லை. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் அலங்கார மீன் பிடிப்பு நடக்கும் திட்டுகளில் சாமந்திகளும் அவற்றில் வாழும் மீன்களும் பிற திட்டுகளைவிடக் குறைந்திருந்ததாக 2005இல் வெளியான ஆய்வு கூறியது. செபுவின் திட்டுகள் சிங்கப்பூரின் எஞ்சிய திட்டுகளைவிடப் பன்மடங்கு பரந்தவை. ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் வாழும் நகரில், நூற்றில் ஒரு பங்கினர் ஆளுக்கு ஓர் உயிர் எடுத்தாலும் அது 60 ஆயிரம். கொள்ளைநோய்க் காலத்தில் 2021இன் பள்ளி விடுமுறையில் சாங்கி கரையில் வற்று நேரத்தில் திரண்ட மக்களும், வாளி வாளியாகச் சிலர் எடுத்துச்சென்ற நண்டுகளும் சிப்பிகளும் காஸின் கரைகளுக்கு நேர்ந்ததை நினைவூட்டுபவை. வந்தோரில் பலர் குழந்தைகளுக்குக் கடலைக் காட்ட விரும்பிய பெற்றோர்கள் என்பதையும் மறக்கலாகாது, அவ்விருப்பம் குற்றமன்று.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

சட்டங்கள் இக்கேள்வியை நேராக எதிர்கொள்வதைவிட ஓரங்களிலிருந்து தொடுகின்றன. அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை கற்பவளங்களையும் ராட்சதச் சிப்பிகளையும் கடற்குதிரைகளையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்துள்ளது. ஆனால் அது எல்லை கடக்கும் வாணிகத்தைப் பற்றியது, ஒருவர் தம் நாட்டுக் கரையில் குனிந்து எடுப்பதைப் பற்றியதன்று. சிங்கப்பூரில் 2014இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்கா, லாப்ரடார் இயற்கைக் காப்பகம் போன்ற இடங்களில் அனுமதியின்றி எவ்வுயிரையும் எடுக்கலாகாது. காட்டுவிலங்குகளையும் பறவைகளையும் பற்றிய 1965ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு வனவிலங்குச் சட்டம் ஆயிற்று. இவற்றுக்கு வெளியே, தூண்டில் போடுவது இயல்பான பொழுதுபோக்காக இருக்கும் கரைகளில், உண்பதற்குப் பிடிப்பதற்கும் வளர்ப்பதற்குப் பிடிப்பதற்கும் இடையே பொதுமக்கள் மனத்தில் தெளிவான கோடு இல்லை.

தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில் கோடு சற்று அழுத்தமாக விழுந்துள்ளது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. கடலட்டைகள், கடற்குதிரைகள், பவளங்கள் ஆகியவை 2001இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சேர்க்கப்பட்டன. கடலட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் அப்போது ஒரே நாளில் தொழிலிழந்ததாக எழுந்த முறையீடு இன்றுவரை ஓயவில்லை. பொழுதுபோக்குக்காக எடுப்பவரையும் பிழைப்புக்காக எடுப்பவரையும் ஒரே தடை ஒன்றுபோல் நடத்துவது நியாயமா என்பது அங்கே உயிருள்ள கேள்வி. சிங்கப்பூரில் கடலோடிச் சமூகங்கள் பெரும்பாலும் தீவுகளை விட்டு அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்டதால், அக்கேள்வி அங்கே ஒலிப்பதில்லை.

பண்ணையில் பிறந்த மீன்

எடுப்பதா விடுவதா என்ற இருமைக்கு வெளியே மூன்றாவது வழியாக முன்வைக்கப்படுவது பண்ணை வளர்ப்பு. கோமாளி மீன் பாறையில் முட்டையிடும்; ஆண் அவற்றைக் காவல் காக்கும்; ஏறத்தாழ ஒரு வாரத்தில் பொரிந்துவரும் குஞ்சுகளும் ஓரளவு பெரியவை. ஆகவே அது முதலில் வசப்பட்டது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதில் தேர்ச்சி பெற்றன. குஞ்சுகளை வாங்கி வளர்த்து விற்கும் தொழில் கரையோரப் பெண்களுக்கும் கற்பிக்கப்பட்டது. முட்டைகளை நீரில் தூவிவிடும் இனங்களின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளுக்கு ஏற்ற உணவைக் கண்டறிவது கடினம். மஞ்சள் டாங் என்ற ஹவாய் மீன் 2015இல்தான் பண்ணையில் முழுமையாக வளர்க்கப்பட்டது.

இவ்வழிக்கு எதிராகவும் கருதத்தக்க வாதம் உண்டு. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் நன்னீர் அலங்கார மீன் பிடித்து வாழும் மக்கள், அம்மீன் விலைபோகும் வரைதான் காட்டைக் காப்பார்கள் என்றும், தொலைதூரப் பண்ணைகள் அத்தொழிலைப் பறித்தால் மரம் வெட்டுதலே மாற்றாகும் என்றும் அங்கு பணியாற்றுவோர் வாதிடுகின்றனர். மீனவர் வாழ்வு கரையைச் சார்ந்திருக்கும் இடங்களில் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. சிங்கப்பூருக்கு அது பொருந்தாது. அங்கே பவளத்திட்டின் காவலர்கள் மீன் பிடிப்போர் அல்லர், ஆய்வாளரும் தன்னார்வலரும் அரசுமே. எனவே ஒரே நிலைப்பாடு மண்டபத்தில் தயக்கத்துக்கும் சிங்கப்பூரில் ஆதரவுக்கும் உரியதாவதில் முரண்பாடு ஏதுமில்லை.

இன்னும் விடை காணாதவை

பிழைக்குமா என்ற முதல் கேள்வி, நீரைப் பொறுத்தவரை, பெரிதும் தீர்ந்துவிட்டதாகவே கொள்ளலாம். ஒவ்வோர் இனத்தின் உணவையும் இயல்பான ஆயுளையும் பொறுத்தவரை அது தீரவில்லை. வீட்டுத் தொட்டியில் ஓர் உயிர் ஓராண்டு வாழ்ந்தால் வெற்றி என்று எண்ணப்படுகிறது; கடலில் அது இருபது ஆண்டுகள் வாழக்கூடியதாயின் அந்த ஓராண்டை வெற்றி என்பது கடினம்.

தகுமா என்ற இரண்டாம் கேள்வியில், சிங்கப்பூரைப் பொறுத்தவரை, எடுக்காமலிருப்பதன் பக்கமே சான்றுகள் சாய்கின்றன. 250க்கும் மேற்பட்ட கற்பவள இனங்கள் அச்சிறு பரப்பில் இன்னும் எஞ்சியிருப்பதும், நூறாண்டுகளுக்கு மேலாக உள்ளூரில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நெப்டியூன் கோப்பைக் கடற்பஞ்சு 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவருகே மீண்டும் காணப்பட்டதும், அக்கரையில் எது அரியது எது மலிவானது என்பதைக் கரைக்கு வரும் ஒருவர் தம் கண்ணால் தீர்மானிக்க முடியாது என்பதைக் காட்டுகின்றன. ஆனால் பிடித்துச் சில மணி நேரம் பார்த்துவிட்டு அதே பள்ளத்தில் விடுவதற்கும் இதே அளவுகோல் பொருந்துமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. பிற உயிர்களோடு தொட்டியில் வாழ்ந்த உயிரைத் திருப்பி விடுவது நோயைப் பரப்பக்கூடும் என்பதில் ஐயம் குறைவு. வாளியில் அரை மணி நேரம் இருந்ததைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

பவளம் நடும் திட்டம் எழுப்பியுள்ள கேள்வி இன்னும் புதியது. தேசியப் பூங்காக் கழகம் 2023இல் அறிவித்த திட்டத்தின்படி ஒரு லட்சம் பவளங்கள் வளர்க்கப்பட்டுச் சிங்கப்பூர் நீரில் நடப்படவுள்ளன. அவ்வாறு வளர்க்கப்படும் உள்ளூர்ப் பவளத்தின் கிளைத்துண்டுகளில் ஒரு பகுதி பள்ளிகளுக்கும் பயிற்சி பெற்ற வளர்ப்பாளர்களுக்கும் முறைப்படி வழங்கப்படுமானால், கரையைத் தொடாமலே உள்ளூர்த் தொட்டி அமைக்க வழி பிறக்கும். அது கடலின் மீது அக்கறையை வளர்க்குமா, அல்லது கரையிலிருந்து எடுத்ததையும் வளர்த்தது என்று சொல்லி மறைக்க இடமளிக்குமா என்பது, வளர்ப்புப் பவளத்தை அடையாளம் காட்டும் நம்பகமான முறை அமைவதைப் பொறுத்தது. இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தி, பின்னர் வளர்ப்புப் பவளங்களுக்கு மட்டும் மீண்டும் கதவைத் திறந்தபோது இதே சிக்கலை எதிர்கொண்டது. அங்கு கிடைக்கும் அனுபவம் சிங்கப்பூருக்கும் மண்டபத்துக்கும் உதவக்கூடியது.